மூன்று ஏக்கரும் ஒரு பயிற்சி மாணவனும்

ஜார்ஜ்டவுன்
கயானா, 3 ஜூன் 1996

அன்புள்ள துலாரிக்கு,

நீ பதில் எழுதமாட்டாய் என்ற எண்ணத்துடனேயே எழுதுகிறேன். எழுதினால் மகிழ்வேன். வழக்கை விட்டுவிட்டு ஜக்மோகனிடம் நேரில் போய்ப் பேசு என்று நான் சொன்னது உன்னை இவ்வளவு புண்படுத்தும் என்று எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருக்க வேண்டுமோ என்னவோ.

இன்று உயர்நீதிமன்றத்தில் முதல் நாள். சட்டம் படிக்கும் மாணவர்கள் ஒன்பது பேரை விடுமுறைப் பயிற்சிக்கு எடுத்திருக்கிறார்கள். எட்டுப் பேருக்கு இருபது வயதுக்கு மேல் இருக்காது. எனக்கு அறுபத்தேழு. வாசல் காவலர் என் வெள்ளைச் சட்டையையும் கறுப்பு டையையும் பார்த்து, "சாட்சிக்காரங்க அந்தப் பக்கம், பெரியவரே" என்றார். நான் மாணவன் என்று சொல்ல வாய் வரவில்லை. சாட்சிகளின் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன். என்னுடன் படிக்கும் ஷெமைன் கிட்டன்ஸ் என்ற பெண்தான் கண்டுபிடித்துக் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். "அங்கிள் மோத்தி! இங்க என்ன பண்றீங்க? யார் யாரைக் கொன்னதைப் பாத்தீங்க?"

ஷெமைனையும், ரால் டிஃப்ரெய்டஸ் என்ற பையனையும், என்னையும் நீதிபதி ஹின்ட்ஸ் அம்மையாரிடம் போட்டிருக்கிறார்கள். உன் வழக்கு நடப்பது அவர் முன்புதான் என்பது உனக்குத் தெரியும். நான் உடனே பதிவாளரிடம் போய், வாதி என் தங்கை என்று சொன்னேன். வேறு இடம் இல்லையாம். உன் கோப்பு என் மேஜைக்கு வராது, அதைப் பற்றி யாரும் என்னிடம் பேசமாட்டார்கள் என்று ஏற்பாடு செய்தார்கள். உள்ளே காண்பது எதையும் வெளியே சொல்வதில்லை என்று நாங்கள் அனைவரும் சத்தியம் செய்திருக்கிறோம். ஆகவே வழக்கைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்காதே. இதைக் கடுமையாகச் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். இருந்தாலும் அந்த வரியை அடிக்காமல் விடுகிறேன்.

உன் அண்ணன்
மோத்திலால்

*

47ஆம் நம்பர் கிராமம், கோரன்டைன்
10 ஜூன்

அண்ணா,

உன் கடிதத்தில் ஓர் அடித்தல் திருத்தல்கூட இல்லை. முதலில் வேறு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுத்தானே நகல் எடுத்தாய்? கூடப் பிறந்தவளுக்கு எழுத ஒத்திகை தேவைப்படும் ஆள் நீ ஒருவன்தான்.

நான் எதையும் கேட்கப் போவதில்லை. நீயாகச் சொல்லவும் மாட்டாய். மழை பெய்கிறதா என்று கேட்டால் வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "பெய்யலாம்" என்பவன் நீ.

சனிக்கிழமை கடையில் ஜக்மோகன் எல்லார் முன்னாலும் கேட்டான். "துலாரி அக்கா, உன் அண்ணன் மறுபடி பள்ளிக்கூடம் போறாராமே? அரை டிரவுசர் தச்சாச்சா?" நான் விடவில்லை. "தச்சாச்சு. மிச்சத் துணி இருக்கு, நியூயார்க்ல இருந்து வந்த உனக்கு வாய்க்கு ஒண்ணு தைக்கட்டுமா?" என்றேன். கடைக்காரன் சிரித்து அரிசியைக் கொட்டிவிட்டான்.

சிரிப்பெல்லாம் கடையோடு சரி. வீட்டுக்கு வந்தால் உட்கார முடியவில்லை. வாதம் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. தீர்ப்பு எப்போது என்று வக்கீலுக்கும் தெரியவில்லை. இருபத்தொரு வருஷம் நானும் அவரும் வரப்புப் போட்டு, வாய்க்கால் வெட்டி, நெல் விளைத்த நிலம். அதன் நடுவில்தான் வீடு. அவர் போன பிறகு நான் ஒருத்தியாகவே பார்க்கிறேன். ஜக்மோகனின் சித்தப்பா விட்டுவிட்டுப் போன புதர்க்காடு அது. பன்னிரண்டு வருஷம் யாரையும் கேட்காமல் வைத்திருந்தால் நிலம் நமக்கே என்று சட்டம் சொல்கிறதாம். "எங்க சித்தப்பா பாவம் பாத்து இருக்கச் சொன்னாரு" என்று இவன் சொல்கிறான். பாவம் பார்த்தாராம்! அவர் தன் நாய்க்கே சோறு போட்டதில்லை.

காலையில் வரப்பில் நடந்தால், இது நம்முடையதா இல்லையா என்று காலுக்கே தெரியாமல் போய்விட்டது.

மாங்காய் ஊறுகாய் அனுப்பியிருக்கிறேன். கோபம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மாங்காய் நிறையக் காய்த்துவிட்டது, அவ்வளவுதான்.

துலாரி

*

ஜார்ஜ்டவுன்
18 ஜூன்

அன்புள்ள துலாரிக்கு,

ஊறுகாய் கிடைத்தது. வீட்டுக்காரம்மா மிஸ் இன்னிஸ் அதைப் பாதி தீர்த்துவிட்டார். தட்டாம்பயறு போட்டுச் சோறு ஆக்கும் நாட்களில் ஜாடியை அவரே எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, "உங்களுக்கு வேணுமா?" என்று என்னைக் கேட்கிறார்.

இங்கே நீதிபதிகள் சாட்சி சொல்வதைத் தம் கையாலேயே எழுதிக்கொள்கிறார்கள். அம்மையாரின் கையெழுத்து வேகமானது. யாராலும் படிக்க முடிவதில்லை. நாற்பது வருஷம் பிள்ளைகளின் கிறுக்கலைப் படித்துப் பழகியவன் என்பதால் பழைய வழக்குகளின் குறிப்புகளை நகல் எடுக்கும் வேலை எனக்கு வந்தது. தனியாகப் பின்னறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஷெமைனும் ராலும் முன்னறையில் தட்டச்சு இயந்திரங்களின் முன் உட்கார்ந்து எப்போதும் சண்டை போடுகிறார்கள். என்ன எழுதுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் உள்ளே போனால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். பதிவாளர் சொன்னதால் என்று நினைக்கிறேன். அல்லது நான் கிழவன் என்பதால்.

ஒரு சொல் படிக்க முடியாதபோது நான் மூன்று விதமாக எழுதி, மூன்றின் அருகிலும் கேள்விக்குறி போட்டு வைக்கிறேன். ஷெமைன் அதைப் பார்த்துவிட்டு, "அங்கிள், உங்க பேனாகூட உங்ககிட்ட அனுமதி கேட்டுட்டுத்தான் எழுதுமா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் இரவு முழுதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வயதில் இதை ஏன் தொடங்கினேன் என்று புரியவில்லை. பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் அடுத்த வகுப்பில் சேர்க்கமாட்டார்கள். இது போனால் படிப்பும் போனது போலத்தான்.

மோத்திலால்

*

47ஆம் நம்பர்
24 ஜூன்

அண்ணா,

ஒரு சேதி. ஜக்மோகனின் வக்கீல் என் வக்கீலிடம் சமாதானம் பேசியிருக்கிறான். வீடும் அதைச் சுற்றி ஓர் ஏக்கரும் எனக்கு. வாய்க்கால் ஓரத்து இரண்டு ஏக்கரும் அவனுக்கு. இப்போது நிற்கும் பயிரை அறுத்துவிட்டு நான் விலகிக்கொள்ள வேண்டும்.

"போடா" என்று சொல்லி அனுப்பினேன். தண்ணீர் பாயும் இரண்டு ஏக்கரைக் கொடுத்துவிட்டு, மேட்டில் ஓர் ஏக்கரை வைத்துக்கொண்டு கத்தரிக்காய் போடவா?

ஆனால் அவனுக்கு ஏன் திடீரென்று சமாதானம்? தோற்போம் என்று பயமா? இல்லை, ஜெயிப்போம் என்று தெரிந்து, என் மேல் பாவம் பார்க்கிறானா? அந்த வம்சத்துக்கே இந்தப் பாவம் பார்க்கும் வியாதி இருக்கிறது போல. வக்கீலைக் கேட்டால், "உங்க இஷ்டம் அம்மா" என்கிறார். என் இஷ்டம் எனக்குத் தெரிந்திருந்தால் அவர் எதற்கு?

உன்னைக் கேட்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும், சொன்னேன்.

துலாரி

*

ஜார்ஜ்டவுன்
28 ஜூன்

துலா,

அவசரமாக எழுதுகிறேன். சமாதானத்துக்கு ஒப்புக்கொள்.

முன்பு நான் இதையே சொன்னேன் என்று நினைப்பாய். முன்பு சொன்னது வேறு. இப்போது சொல்வது வேறு. தயவுசெய்து காரணம் கேட்காதே. வீடாவது மிஞ்சட்டும்.

மோத்திலால்

இந்தத் தாளை எரித்துவிடு.

*

47ஆம் நம்பர்
5 ஜூலை

அண்ணா,

அடுப்பில் போட்டுவிட்டேன். அதற்கு முன் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே.

உன் கடிதங்களில் இதுவரை "என்று நினைக்கிறேன்" இல்லாத கடிதம் வந்ததே இல்லை. அதனால் புரிந்துகொண்டேன். நீ எதையோ பார்த்திருக்கிறாய்.

நேற்று நியூ ஆம்ஸ்டர்டாம் போய் வக்கீல் அறையில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஜக்மோகன் எதிரே உட்கார்ந்திருந்தான். கேலி பேசுவான் என்று தயாராகப் போனேன். "அக்கா, தண்ணி குடிக்கிறியா?" என்று மட்டும் கேட்டான். அதுதான் தாங்கவில்லை.

15ஆம் தேதி திங்கட்கிழமை நீதிமன்றத்துக்கு வந்து நீதிபதியம்மா முன்னால் சொல்ல வேண்டும். அவர் பதிவு செய்தால் முடிந்தது.

திரும்பி வந்து அந்த இரண்டு ஏக்கரையும் சுற்றி நடந்தேன். பயிர் முழங்கால் உயரம். இந்த வருஷம் பார்த்துத்தான் இப்படிச் செழிப்பாக வந்திருக்கிறது. உன் மேல் கோபமில்லை. நீ எனக்காகத் துணிந்தாயே, அதை நினைத்துக்கொள்கிறேன்.

துலாரி

*

ஜார்ஜ்டவுன்
10 ஜூலை

துலா,

இதைப் படகில் வேலை செய்யும் ஹாரியிடம் கொடுத்தனுப்புகிறேன். என் பழைய மாணவன். இன்று மாலையே உன் கைக்கு வரும்.

பதிவு செய்யச் சம்மதிக்காதே. நான் செய்தது தவறு. எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

28ஆம் தேதி மதியம் பெரிய மழை. முன்னறையில் யாருமில்லை. சாளரத்தைச் சாத்தப் போனேன். காற்றில் தாள்கள் தரையெங்கும் பறந்துகொண்டிருந்தன. பொறுக்கி அடுக்கும்போது ஒன்றில் உன் பெயர் இருந்தது. கண்ணை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. அது தீர்ப்பு. "நான் சாட்சிகளைக் கேட்டேன், எதிர்வாதியின் சித்தப்பா அனுமதி தந்தார் என்பதை நம்புகிறேன், மனுவைத் தள்ளுபடி செய்கிறேன்" என்று இருந்தது. மேலே அம்மையாரின் பெயர். கடைசியில் கையெழுத்துக்கான கோடு. எல்லாம் போய்விட்டது, வீடும் போய்விட்டது என்று நம்பி உனக்கு எழுதினேன்.

இன்று மதியம் ஷெமைன் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, இன்னொரு வழக்குக்கு "நான் சாட்சிகளைக் கேட்டேன்" என்று தட்டிக்கொண்டிருந்தாள். "நீயா கேட்டாய்?" என்றேன். அவள் சிரித்தாள்.

"இது மேடத்தோட வழக்கம் அங்கிள். தீர்ப்பு நிலுவையில இருக்கற ஒவ்வொரு வழக்குக்கும் நானும் ராலும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதணும். ஒருத்தர் வாதி ஜெயிக்கற மாதிரி, ஒருத்தர் தோக்கற மாதிரி. ரெண்டும் மேடம் பேசற மாதிரியே இருக்கணும். யாருக்கு எந்தப் பக்கம்னு சோடா மூடியைச் சுண்டிப் போட்டுப் பாப்போம். எனக்கு எப்பவும் தள்ளுபடிதான் விழுது, என் அதிர்ஷ்டம்! உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று பதிவாளரே ஏற்பாடு செய்திருந்தார்.

"மேடம் அதையெல்லாம் படிச்சிட்டாங்களா?" என்று கேட்டேன். "எங்க! கட்டு கட்டா அலமாரியில கெடக்கு. அவங்க சொந்தமா யோசிச்சு முடிச்சப்புறம்தான் பிரிப்பாங்க."

நீ இரண்டு ஏக்கரை விட்டுக்கொடுத்தது ஒரு சோடா மூடிக்கு, துலா. நீதிபதி என்ன நினைக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. ஒருபோதும் தெரிந்திருக்கவில்லை.

மோத்திலால்

*

47ஆம் நம்பர்
11 ஜூலை

அண்ணா,

ஹாரி வாசலில் நிற்கிறான், காலைப் படகுக்குப் போக வேண்டும் என்று. நின்றுகொண்டே எழுதுகிறேன்.

நீ கொடுத்தனுப்பியதைப் படித்துவிட்டு வயலில் போய்க் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி பாம்பு என்று நினைத்துக் கட்டையுடன் ஓடி வந்தாள். பாம்பு என்றே சொல்லி அனுப்பினேன்.

இரவே வக்கீல் வீட்டுக்குப் போனேன். "போட்ட கையெழுத்தைச் சும்மா வாபஸ் வாங்க முடியாதும்மா. ஏன்னு நீதிபதி கேப்பாங்க. நியாயமான காரணம் சொல்லணும்" என்றார். என்னிடம் இருக்கும் ஒரே காரணம் நீதான். அதைச் சொன்னால் உன்னைத் துரத்திவிடுவார்கள். படிப்பும் போகும். பெயரும் போகும்.

அதனால் நான் வாயைத் திறக்கப் போவதில்லை. திங்கட்கிழமை வந்து, "என் சொந்த விருப்பம்" என்று சொல்லிவிட்டுப் போகிறேன். நிலம் போனால் போகிறது. உன் பள்ளிக்கூடத்தை நீ முடி. இந்தக் குடும்பத்தில் யாராவது ஒருவராவது எதையாவது முடிக்கட்டும்.

என்னைத் தேடி நீதிமன்ற வாசலுக்கு வராதே. உன் முகத்தைப் பார்த்தால் உளறிவிடுவேன்.

துலாரி

*

ஜார்ஜ்டவுன்
12 ஜூலை

துலா,

நீ சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்லிவிட்டேன்.

காலை உன் கடிதம் வந்தது. அம்மையாரின் அறைக்கதவு வரை இரண்டு முறை போய்த் திரும்பினேன். மூன்றாம் முறை கதவு தானாகத் திறந்தது. அவர் வெளியே வந்துகொண்டிருந்தார். "என்ன மிஸ்டர் பல்கோபின், வழி மறிக்கிறீங்க?" என்றார். இல்லாவிட்டால் தட்டியிருப்பேனா என்று எனக்கே நிச்சயமில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உட்காரச் சொல்லவில்லை.

"எத்தனை வருஷம் தலைமை ஆசிரியரா இருந்தீங்க?"

"பத்தொன்பது, மேடம்."

"பரீட்சைத்தாள் முன்கூட்டியே வெளிய போயிட்டா என்ன பண்ணுவீங்க?"

"பரீட்சையை ரத்து பண்ணுவேன்."

"வெளிய விட்ட பையனை?"

பதில் எனக்குத் தெரியும். இரண்டு பிள்ளைகளுக்கு அதைச் செய்திருக்கிறேன். "அனுப்பிடுவேன், மேடம்."

"அவனே வந்து ஒத்துக்கிட்டா?"

"அப்பவும்."

"பயிற்சி அட்டையை மேஜையில வச்சிட்டுப் போங்க" என்றார். நான் கதவருகே போனபோது, "இதைத் திங்கக்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்வேன். உங்க பேரோட" என்றார். சரி என்றேன்.

மிஸ் இன்னிஸ் ஏன் சீக்கிரம் வந்துவிட்டேன் என்று கேட்டார். வயிற்றுவலி என்றேன். ஏதோ கசப்புப் பட்டையைக் காய்ச்சிக் கொடுத்தார். குடித்தேன்.

மோத்திலால்

*

47ஆம் நம்பர்
16 ஜூலை

அண்ணா,

நேற்று நடந்ததைக் கேள்.

நீதிபதியம்மா வந்து உட்கார்ந்ததும் நம் வழக்கைத்தான் கூப்பிட்டார். உன் பெயரைச் சொன்னார், முழுப் பெயரும். நீ என்ன படித்தாய், என்ன எழுதினாய், நீயே வந்து சொன்னாய் என்பது வரை எல்லாம் சொன்னார். மாணவர்கள் எழுதியதைத் தான் பிரிக்கவே இல்லை என்றும் சொன்னார். கூட்டம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே ஒரு புறா இருந்தது. அது மட்டும்தான் என்னைப் பார்க்கவில்லை.

ஜக்மோகனின் வக்கீல் எழுந்து, "கையெழுத்து கையெழுத்துதான்" என்றான். நீதிபதியம்மா அவனை உட்காரச் சொல்லிவிட்டு என்னைக் கேட்டார். "இந்தச் சமாதானம் உங்க சொந்த விருப்பமா?"

"இல்லை மேடம். பயத்துல போட்டது."

"இப்ப பயம் போயிடுச்சா?"

"இல்லை மேடம். ஆனா இது வேற பயம். இது என்னோடது."

சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. "இதை நான் பதிவு செய்யல. வேற நீதிபதி வேணும்னா ரெண்டு பக்கமும் கேக்கலாம். இல்லேன்னா நானே எழுதறேன். இன்னும் எழுதலை" என்றார். ஜக்மோகன் தன் வக்கீலின் காதில் ஏதோ சொன்னான். வேண்டாம், இவரே எழுதட்டும் என்றான். நானும், "எழுதுங்க மேடம்" என்றேன். விடுமுறை முடிந்து அக்டோபரில் தீர்ப்பு.

வெளியே படிக்கட்டில் ஜக்மோகன் நின்றான். "அக்கா, சின்ன வயசுல எனக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தப்பவே உன் அண்ணனை எனக்குத் தெரியும். அவர் தப்பா போட்டா தன் காதையே பிடிச்சுக்குவாரு" என்றான். நல்லதாகச் சொன்னானா, கெட்டதாகச் சொன்னானா, எனக்குப் புரியவில்லை.

இப்போது ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். வீடும் ஓர் ஏக்கரும் என் கையில் இருந்தது. இப்போது தோற்றால் எல்லாம் போகும், வீடு உட்பட. அதற்கு நீதான் காரணம். ஜெயித்தால் மூன்று ஏக்கரும் என்னுடையது. அதற்கும் நீதான் காரணம் என்று நான் சொல்லப் போவதில்லை.

பயிரில் பூச்சி விழுந்திருக்கிறது. மருந்து அடிக்க ஆள் கிடைக்கவில்லை. அங்கே உனக்கு இனி என்ன வேலை? வந்து சேர். மருந்துப் பீப்பாயைத் தூக்க உனக்கு முதுகு இல்லை. தண்ணீராவது எடுத்துக் கொடு.

துலாரி

*

ஜார்ஜ்டவுன்
19 ஜூலை

அன்புள்ள துலாரிக்கு,

திங்கட்கிழமை வருகிறேன். பெட்டி கட்டியாகிவிட்டது. அடுத்த வருஷம் மீண்டும் விண்ணப்பிக்கலாம், ஆனால் எடுக்கமாட்டார்கள் என்று கல்லூரியில் சொன்னார்கள். விண்ணப்பிப்பேன் என்று நினைக்கிறேன்.

இன்று நடந்த ஒன்றை நேரில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கும். அதனால் எழுதுகிறேன். சந்தைத் தெருவில் உனக்கு ஒரு தைல பாட்டில் வாங்கிக்கொண்டு வரும்போது ஷெமைன் எதிரே ஓடி வந்தாள். முகமெல்லாம் வியர்வை. "அங்கிள் மோத்தி! உங்களைத் தேடி எங்கெங்க அலையறது! நேத்து மேடம் அலமாரியைத் திறந்துட்டாங்க. ராலோடதும் என்னோடதும் ரெண்டையும் படிச்சிட்டாங்க. அதுல ஒண்ணுல ஓரத்துல பென்சில்ல எழுதியிருக்காங்க அங்கிள், நான் என் கண்ணால பாத்தேன், அதுல..."

நான் பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டேன். அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. கையை இழுத்தாள். நான் விடவில்லை. மினிபஸ்கள் ஊதின. ஐஸ் விற்பவர் வண்டியை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். அப்போதுதான் எனக்குத் தோன்றியது: அவள் சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். அதனால் கண்ணையும் மூடிக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. திறந்தபோது அவள் இல்லை. தைல பாட்டில் உடைந்து, தெரு முழுக்க அந்த வாசனை. வேறொன்று வாங்கினேன்.

நான் வந்த பிறகு என் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முயலாதே. அதில் ஒன்றும் இல்லை.

மோத்திலால்